ஹார்லெம் டான்சர்ஸ் எங்கிருந்து வந்தாங்க, அப்புறம் என்ன ஆனாங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நியூயார்க்ல கறுப்பினத்தவங்க நிறைய வாழற ஹார்லெம் பகுதில இருக்கற டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்ங்கற சின்ன பாலே கம்பெனி பத்தி எழுதினதும் நிறைய கேள்வி வந்துச்சு. பாதிக்கு மேல டான்ஸ் பத்தி இல்ல, டான்சர்ஸ் பத்தி தான். எனக்கும் அதுல தான் ஆர்வம்ங்கறதால இந்த வாரம் முழுக்க அதையே எடுத்துக்கறேன்.

பாலேன்னாலே வசதியான வீட்டுப் பிள்ளைங்க கத்துக்கறதுன்னு தான் நினைச்சிட்டு இருந்தோம். ஹார்லெம் மாதிரி ஏழைங்க நிறைய இருந்த இடத்துல எப்படி ஒரு கம்பெனி வந்துச்சு? – வாசகி, கும்பகோணம்

ஆரம்பிச்சவரே அங்க பிறந்தவருங்க. ஆர்தர் மிட்செல், 1934ல ஹார்லெம்ல பிறந்தவர், பன்னெண்டு வயசுலயே குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலைமை, பேப்பர் போட்டிருக்கார், ஷூ பாலிஷ் போட்டிருக்கார். ஸ்கூல்ல அவர் ஆடின ஆட்டத்தைப் பார்த்து யாரோ ஒருத்தர் கலைகளுக்குன்னே இருந்த அரசு ஹைஸ்கூலுக்கு அப்ளை பண்ணச் சொல்ல, அங்கிருந்து ஸ்காலர்ஷிப்ல பாலே ஸ்கூல், 1955ல நியூயார்க் சிட்டி பாலே. அங்க பிரின்சிபல்ங்கற, முக்கிய வேடங்கள் ஆடற உச்ச ரேங்குக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர் தான். 1957ல அந்தக் கம்பெனியோட நடன அமைப்பாளர் பாலன்சின் ஒரு டூயட்டை அவருக்கும் டயானா ஆடம்ஸ்ங்கற வெள்ளைக்கார டான்சருக்கும் சேர்த்து அமைச்சார், அந்தக் காலத்து அமெரிக்காவுல அது எவ்ளோ பெரிய துணிச்சல்னா, பல வருஷம் அங்க டிவில அதைக் காட்டவே தயங்கினாங்க.

1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ன செய்தி வந்தப்போ மிட்செல் பிரேசில்ல ஒரு பாலே கம்பெனி உருவாக்கற வேலையில இருந்தார். அங்க போய் செய்யறத நம்ம பிறந்த தெருவுல செய்யலாமேன்னு முடிவு பண்ணிட்டார். தன்னோட டீச்சர் காரெல் ஷூக்கையும் சேர்த்துக்கிட்டு 1969ல கம்பெனியைத் தொடங்கினார். அதுக்கு முன்னாடியே பழைய கராஜ் ஒண்ணுல கிளாஸ் எடுத்தப்போ கதவைத் திறந்தே வெச்சிருப்பாராம், தெருவுல போறவங்க நின்னு பார்ப்பாங்க, பசங்க காலை ஒட்டிப் பிடிக்கற டைட்ஸ் போட வெட்கப்பட்டா ஜீன்ஸை வெட்டி அதையே போட்டுக்கோன்னு விட்டுருவார். முப்பது பேரோட ஆரம்பிச்சது கொஞ்ச மாசத்துலயே நானூறு பேராச்சு. ஆசை அந்தத் தெருவுல எப்பவும் இருந்திருக்குங்க, திறந்த கதவு தான் இல்லாம இருந்திருக்கு.

அப்போ முதல் செட் டான்சர்ஸ் எல்லாரும் ஹார்லெம் பிள்ளைங்க தானா? – வாசகர், நாகர்கோவில்

இல்ல, இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. லிடியா அபார்க்கா ஹார்லெம் தான், ஏழு பிள்ளைங்கள்ல மூத்தவங்க, அரசாங்கக் குடியிருப்புல வளர்ந்தவங்க. சின்ன வயசுல ஸ்காலர்ஷிப்ல பாலே கத்துக்கிட்டு, மேடை ஏற வாய்ப்பே வராததால நடுவுல விட்டுட்டாங்க. மிட்செல் வந்து மறுபடி ஷூ போட வெச்சார். 1975ல டான்ஸ் மேகசின் அட்டையில அவங்க படம் வந்துச்சு, ஒரு கறுப்பின பெண் பாலரினா அந்த அட்டையில வந்தது அது தான் முதல் தடவை.

வர்ஜீனியா ஜான்சன் வாஷிங்டன்காரங்க, நல்ல பாலே ஸ்கூல்ல முறையா படிச்சவங்க, ஆனா படிப்பு முடியற நேரத்துல உனக்கு பாலே கம்பெனில இடம் கிடைக்காதுன்னு அங்கேயே சொல்லிட்டாங்க. திறமை இல்லன்னு சொல்லல, நிறத்துக்காகச் சொன்னாங்க. நியூயார்க்ல காலேஜ் சேர்ந்து, அங்கிருந்து மிட்செல்கிட்ட போய், 28 வருஷம் அந்தக் கம்பெனிலயே ஆடினாங்க.

ஷீலா ரோஹன் ஸ்டேட்டன் ஐலண்ட்லேர்ந்து வந்தவங்க, சேரும்போதே கல்யாணமாகி மூணு பிள்ளைங்களுக்கு அம்மா. தெரிஞ்சா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு அதை மறைச்சே வெச்சிருந்தாங்களாம். காலையில குழந்தைகளைக் கிளப்பி விட்டுட்டு, படகு ஏறி, சப்வே பிடிச்சு நகரத்தோட இன்னொரு மூலைக்கு வந்து நாள் முழுக்க ரிஹர்சல், திரும்பிப் போய் வீட்டு வேலைன்னு இருந்த ஒரு பொண்ணு மேடையில லேசா மிதக்கற மாதிரி ஆடணும்னா அதுக்கு எவ்ளோ உரம் வேணும்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மார்சியா செல்ஸ் ஓஹையோ மாநிலம் சின்சினாட்டிலேர்ந்து டீன் ஏஜ்லயே வந்து சேர்ந்தவங்க. அவங்க கதைக்கு அப்புறம் வர்றேன்.

டான்சரே தன் ஷூவுக்கு பெயிண்ட் அடிப்பாங்கன்னு எழுதியிருந்தீங்க, ஏன்? – மாணவி, திருச்சி

பாலேல டைட்ஸும் ஷூவும் வெளிர் பிங்க். வெள்ளைக்காரங்க தோலுக்கு அது ஏறக்குறைய பொருந்தும், அதனால இடுப்புலேர்ந்து விரல் நுனி வரைக்கும் கால் ஒரே கோடாத் தெரியும். கறுப்புத் தோலுக்கு அதே பிங்க்கைப் போட்டா அந்தக் கோடு பாதியில வெட்டின மாதிரி ஆயிடும். அதனால 1974லேர்ந்து ஹார்லெம் கம்பெனில ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தோல் நிறத்துல டைட்ஸ் போடணும்னு கொண்டுவந்தாங்க. டைட்ஸுக்குச் சாயம் போட்டுரலாம், ஷூவைக் கடையில அந்த நிறத்துல யாரும் விக்கல, அதனால முகத்துக்குப் போடற ஃபவுண்டேஷனை வாங்கி ஷூவுல பூசிக்கறது.

இன்க்ரிட் சில்வான்னு ஒருத்தங்க, ரியோ டி ஜெனிரோக்காரங்க, அம்மா வீட்டு வேலை செஞ்சவங்க, எட்டு வயசுல குடிசைப் பகுதிப் பிள்ளைங்களுக்கு நடத்தின இலவச பாலே கிளாஸ்ல சேர்ந்தவங்க. இங்கிலீஷே சரியா தெரியாம நியூயார்க் வந்து ஹார்லெம்ல இடம் பிடிச்சு, 11 வருஷம் ஒவ்வொரு ஜோடிக்கும் தானே பூசிட்டு இருந்தாங்க. 2019ல தான் ரெடிமேடா பிரவுன் ஷூ கைக்கு வந்துச்சு. அவங்க கையால பூசின ஜோடி ஒண்ணு இப்போ ஸ்மித்சோனியனோட ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்துல இருக்கு.

லண்டன்லயும் இதே கதை தான். பாலே பிளாக்னு ஹார்லெமை விட ரொம்பச் சின்ன கம்பெனி, கசா பாஞ்சோங்கறவங்க 2001ல ஆரம்பிச்சது. அங்க ஆடின சீரா ராபின்சன் முன்னாடி ஹார்லெம்ல இருந்தவங்க, அவங்களும் கம்பெனியும் சேர்ந்து கேட்டு, ஃப்ரீட் ஆஃப் லண்டன்ங்கற ஷூ கம்பெனி 2018ல ரெண்டு பிரவுன் நிறத்துல பாயிண்ட் ஷூ, அதாவது விரல் நுனியில நின்னு ஆடறதுக்கான ஷூ கொண்டுவந்தாங்க. பாயிண்ட் ஷூ எத்தனையோ தலைமுறையா தயாராகற பொருள், நிறத்தை மாத்த இவ்ளோ காலம் ஆகியிருக்குன்னா அதுக்குத் தொழில்நுட்பம் காரணம் இல்லங்க, கேக்கற இடத்துல யாரும் இல்லாதது தான்.

அனாதை இல்லத்துலேர்ந்து வந்த டான்சர் ஒருத்தர் இருந்தாங்களாமே? – வாசகி, ஈரோடு

மிக்கேலா டிப்ரின்ஸ். 1995ல சியரா லியோன்ல பிறந்தவங்க, உள்நாட்டுப் போர்ல அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்தவங்க. தோல்ல வெண்புள்ளிகள் இருந்ததால அந்த இல்லத்துல குழந்தைகளுக்கு நம்பர் போட்டப்போ இவங்களுக்குக் கடைசி நம்பரான 27. அங்க காத்துல பறந்து வந்த ஒரு பத்திரிகை அட்டையில பாலரினா படம் பார்த்து அதைக் கிழிச்சு ஒளிச்சு வெச்சுக்கிட்டாங்க. நாலு வயசுல ஒரு அமெரிக்கத் தம்பதி தத்தெடுத்தாங்க, பாலே கிளாஸும் சேர்த்து விட்டாங்க. 2012ல ஹார்லெம் கம்பெனி, அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாம் போய் டச்சு நேஷனல் பாலே, 2021ல பாஸ்டன் பாலே. 2024 செப்டம்பர்ல 29 வயசுல காலமாயிட்டாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேற எதுவும் எழுத ஓடல. போர்ல பாதிக்கப்பட்ட பிள்ளைங்களுக்காகக் கடைசி வரைக்கும் குரல் கொடுத்தவங்க.

சின்ன கம்பெனில ஆடினா வயித்துப் பாடு கழியுமா? – வாசகர், சேலம்

கஷ்டம் தாங்க. பெரிய கம்பெனில கூட்டத்துல ஆடறவங்க, சோலோயிஸ்ட், பிரின்சிபல்னு படிப்படியா இருக்கும், சம்பளமும் அப்படியே ஏறும். பதினெட்டு பேர், எட்டுப் பேர் இருக்கற இடத்துல எல்லாரும் எல்லாமும் ஆடணும், இன்னிக்கு நடுவுல நிக்கறவங்க நாளைக்கு ஓரத்துல நிப்பாங்க. கத்துக்க அருமையான இடம், ஆனா அமெரிக்காவுல நிறைய கம்பெனிங்களுக்கு வருஷம் முழுக்க கான்ட்ராக்ட் கிடையாது, சீசன் இல்லாத வாரங்கள்ல கிளாஸ் எடுப்பாங்க, பிலாட்டிஸ்ங்கற உடற்பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க, கடையில நிப்பாங்க. ஒரு ஜோடி பாயிண்ட் ஷூ நூறு டாலர் கிட்ட ஆகும், கடுமையான ஷோன்னா ஒரே நாள்ல செத்துரும்.

கம்பெனிக்கே ஆபத்து வரும். ஹார்லெம் 2004ல கடன் தாங்காம மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திட்டாங்க, ஸ்கூல் மட்டும் நடந்துச்சு, டான்சர்ஸ் அவங்கவங்க வழியைப் பார்த்துட்டுப் போக வேண்டியதாச்சு. 2012ல தான் 18 பேரோட திரும்ப வந்தாங்க. ஒரு டான்சருக்கு எட்டு வருஷம்ங்கறது கிட்டத்தட்ட பாதி கெரியர், அதைத் திருப்பித் தர முடியாது.

முப்பத்தஞ்சு நாப்பது வயசுல ஆட்டம் முடிஞ்சா அப்புறம் என்ன பண்ணுவாங்க? – வாசகி, தஞ்சாவூர்

மேல சொன்னவங்களையே எடுத்துக்குங்க. வர்ஜீனியா ஜான்சன் 1997ல மேடையை விட்டுட்டு, காலேஜ் போய்ப் படிச்சு, பாயிண்ட்னு ஒரு பாலே பத்திரிகைக்கு முதல் ஆசிரியர் ஆனாங்க, கிட்டத்தட்ட பத்து வருஷம். அப்புறம் மிட்செலே கூப்பிட்டு, நின்னு போன கம்பெனியை உயிர்ப்பிக்கற பொறுப்பைக் குடுத்தார். அந்த 2012 திரும்பி வந்ததுக்குப் பின்னாடி இருந்தது அவங்க தான். 2023ல அவங்க விலகினதும் அந்த இடத்துக்கு வந்த ராபர்ட் கார்லண்டும் அங்க ஆடினவர் தான்.

மார்சியா செல்ஸ் சட்டம் படிச்சாங்க, புரூக்ளின்ல அரசு வக்கீலா இருந்தாங்க, ஹார்வர்ட் சட்டக் கல்லூரில மாணவர்களுக்கான டீன், 2021ல நியூயார்க்ல இசை நாடகம் நடத்தற மெட்ரோபாலிட்டன் ஓபரால உயர் அதிகாரி. லிடியா அபார்க்கா வேற மாதிரி, அட்டைப் படத்துல வந்தவங்க அட்லாண்டா பக்கம் போய்ப் பல வருஷம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தாங்க, டாக்டர்ங்க பேசினதைக் கேட்டு டைப் பண்ற வேலை. அந்த வேலையில குறை ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க யாருன்னு அடுத்த தலைமுறைக்கே தெரியாம போச்சேன்னு தான் எனக்கு ஆத்தாமை. கொரோனா காலத்துல பழைய ஹார்லெம் டான்சர்ஸ் அஞ்சு பேர் ஒண்ணா சேர்ந்து, கம்பெனி இருக்கற 152வது தெருப் பேருலயே ஒரு குழு ஆரம்பிச்சு, தங்களோட வரலாற்றைத் தாங்களே சொல்ல ஆரம்பிச்ச பிறகு தான் இதெல்லாம் வெளிய வந்துச்சு.

உதவிக்கு அமைப்புங்களும் இருக்கு. 1985ல நியூயார்க்ல டான்சர்ஸ் வேற தொழிலுக்கு மாற ஆலோசனையும் படிப்புக்குப் பணமும் குடுக்கன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியால ஒரு கல்லூரி ஆடிட்டு இருக்கும்போதே டிகிரி முடிக்கற மாதிரி தனி கோர்ஸ் நடத்துது. ஆடற வயசுலயே அடுத்ததை யோசிக்கறது துரோகம் இல்லன்னு இப்போ கம்பெனிங்களே ஒத்துக்க ஆரம்பிச்சிருக்கு.

என் பொண்ணுக்கு 13 வயசு, ஆறு வருஷமா பரதம் ஆடறா, இப்போ பாலே கத்துக்கணும்னு அடம். லேட்டா? – அம்மா, சென்னை

லேட் தான், ஆனா கதவு மூடிடலம்மா. பாலே பிளாக்ல ஆடின முதுதுஸெலி நவம்பர் தென் ஆப்பிரிக்காக்காரர், 15 வயசுல தான் ஆரம்பிச்சார். அவரே அமைச்ச ஒரு படைப்பு, 1946ல அவங்க ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் பண்ணின ஸ்ட்ரைக் பத்தினது, லண்டன்ல மேடைக் கலைகளுக்குக் குடுக்கற ஒலிவியர் விருது வாங்குச்சு. நம்ம நாட்டுலயே மும்பைல டாக்ஸி டிரைவர் பையன் மணீஷ் சவுகான், வெல்டர் பையன் அமிருதீன் ஷா ரெண்டு பேரும் யெஹூதா மாவோர்ங்கற ஒரே டீச்சர்கிட்ட படிச்சவங்க, அமிருதீன் லண்டன் ராயல் பாலே ஸ்கூல் வரைக்கும் போனார். ஆனா ஆண்கள் பொதுவா பாயிண்ட் ஷூ போடறதில்ல, அதனால அவங்களுக்கு லேட்டா ஆரம்பிக்கறது கொஞ்சம் சுலபம், இதை உங்க பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லுங்க.

பரதம் அவளுக்கு நிறைய குடுத்திருக்கும். அரைமண்டியில தொடையை இடுப்புலேர்ந்து வெளிப்பக்கம் திருப்பறது பாலேக்கும் அடிப்படை, தாளமும் மேடைப் பழக்கமும் கூடவே வரும். புதுசா கத்துக்க வேண்டியது குதிகாலைத் தூக்கி எடையை மேல கொண்டுபோறது, நாம தட்டு மெட்டுல காலைத் தரையில பலமா வெச்சுப் பழகினவங்க, அதுக்கு நேர் எதிர். முதல் மாசமே விரல் நுனியில நிக்க வைக்கறேன்னு சொல்ற கிளாஸ்ல சேர்க்காதீங்க, கணுக்காலுக்கும் பாதத்துக்கும் பலம் வர ரெண்டு வருஷம் கூட ஆகலாம், டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்து சரின்னு சொன்ன பிறகு தான் பாயிண்ட் ஷூ வாங்கணும். அதுவரைக்கும் பரதத்தையும் விட வேண்டாம்.