டவுன் சின்ட்ரோம் சோதனை: இரத்தம் கொடுக்குமுன் பேச வேண்டியது

கேள்வி: எனக்கு 38 வயது, 11 வாரக் கர்ப்பம். வயதைக் காரணம் காட்டி டவுன் சின்ட்ரோம் சோதனை செய்யச் சொல்கிறார்கள். "எப்படிப் பிறந்தாலும் எங்கட பிள்ளைதானே, எதுக்குச் சோதனை?" என்கிறார் மாமி. செய்வது பிழையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாமி கேட்டது நியாயமான கேள்வி. சோதனை செய்வதும் பிழையில்லை, வேண்டாம் என்பதும் பிழையில்லை. விடை வந்தால் என்ன செய்வோம் என்று பேசாமலே இரத்தம் கொடுத்துவிட்டு வருவதுதான் பல குடும்பங்களைக் கலங்கடிக்கிறது.

டவுன் சின்ட்ரோம் என்பது 21ஆவது நிறமூர்த்தம் (குரோமோசோம்) ஒன்று கூடுதலாக இருப்பதால் பிள்ளையின் வளர்ச்சியும் கற்றலும் மெதுவாகும் பிறவி நிலை. சோதனைக்கு நாள் குறைவாக இருக்கிறது. குழந்தையின் பிடரித் தோலுக்கடியில் உள்ள நீரை அளக்கும் ஸ்கானை 13 வாரம் 6 நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதோடு உங்கள் இரத்தத்தையும் பார்த்தால், டவுன் சின்ட்ரோம் உள்ள 10 கர்ப்பங்களில் ஏறக்குறைய 9 தெரியவரும். ஆனால் எந்தப் பாதிப்பும் இல்லாத 100 தாய்மாரில் 5 பேரையும் அது பயப்படுத்திவிடும். ரிப்போர்ட்டில் '1:120, உயர் ஆபத்து' என்று இருந்தால், அதே கணக்கு வந்த 120 பேரில் 119 பேரின் குழந்தைக்கு அது இல்லை என்று அர்த்தம். இதை யாராவது விளக்கிச் சொல்லாவிட்டால் அந்த ஒரு வரியே தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் டிஎன்ஏயைப் பார்க்கும் என்ஐபிடி என்ற சோதனை 100க்கு 99 வரை கண்டுபிடிக்கும். அதுவும் சூல்வித்தகத்திலிருந்து (நச்சுக்கொடி) வரும் டிஎன்ஏயைத்தான் பார்க்கிறது. சில வேளை அது குழந்தையினுடையதோடு ஒத்துப்போகாது. உறுதிப்படுத்த, 15 வாரம் கடந்தபின் ஊசியால் 15 முதல் 20 மில்லிலீற்றர் பனிக்குட நீர் எடுத்து நிறமூர்த்தங்களை எண்ண வேண்டும். இதனால் கரு கலையும் ஆபத்து 200இல் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையென்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பை உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை ஞாபகப்படுத்துங்கள்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருவைக் கலைக்கலாம். டவுன் சின்ட்ரோம் அதற்குள் வராது. இதை முன்கூட்டியே சொல்லாமல் சோதனைக்கு எழுதிக்கொடுப்பது சரியில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படியென்றால் எதற்குச் சோதனை? ஆயத்தத்துக்கு. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயக் குறை இருக்கும். முன்பே தெரிந்தால் வயிற்றில் இருக்கும்போதே இருதய ஸ்கான் செய்து, குழந்தை வைத்தியர்கள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் பிரசவத்தை ஒழுங்குசெய்யலாம். குடல் அடைபட்டுப் பிறக்கும் குழந்தை பச்சையாக வாந்தியெடுக்கும். அதை எதிர்பார்த்திருந்தால் பால் கொடுத்துப் பார்த்துக் காலம் கடத்த மாட்டார்கள். தெரிந்துகொள்வது பாரமாக இருக்குமென்றால், 20 வார ஸ்கானை மட்டும் கவனமாகச் செய்யுங்கள்; பெரிய இருதயக் குறைகள் பல அதிலேயே தெரியும்.

முடிவெடுக்குமுன் இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் வீட்டுக்குப் போய் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வாருங்கள். மாமியையும் கூட்டிப்போங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: மூத்த மகனுக்கு டவுன் சின்ட்ரோம். அடுத்ததுக்குச் சோதனை செய்தால் அவனை வேண்டாம் என்றதுபோல் ஆகாதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆகாது. அவனை வளர்த்த அனுபவத்தோடு அடுத்த பிள்ளைக்கு ஆயத்தமாகிறீர்கள், அவ்வளவுதான். முதலில் மகனின் நிறமூர்த்த ரிப்போர்ட்டைத் தேடியெடுங்கள். 21ஆவது நிறமூர்த்தம் தனியாக மூன்று இருந்தால், திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100இல் ஒன்று. தாயின் வயது கூடினால் அதுவும் கூடும். இன்னொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருந்தால், அது உங்களில் ஒருவரிடமிருந்து வந்ததா என்று அறிய, கர்ப்பத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் இரத்தம் பார்க்க வேண்டும்.