வாகனக் கேள்வி-பதில்: ஏர் ஃபில்டரை மாற்றினால் என்ஜின் வலுப்பெறுமா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் நிறுவனம் பொருத்திக் கொடுத்த காகித ஏர் ஃபில்டர்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய, எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரைப் போட்டால் என்ஜின் ஆற்றலும் மைலேஜும் கூடும் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: மைலேஜ் கூடாது. ஆற்றல் சிறிது கூடினாலும், ஓட்டும்போது நீங்கள் உணர்கிற அளவுக்கு இருக்காது.

விற்பனையாளரின் வாதம் முற்றிலும் பொய்யன்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். இவ்வளவு காற்றும் ஃபில்டர் வழியாகவே வருவதால், அங்குள்ள தடையைக் குறைத்தால் காற்று கூடுதலாக வரும், அதற்கேற்ப எரிபொருளும் எரியும், ஆற்றலும் பெருகும் என்பது கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். அந்தத் தடை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி என்ஜினை உச்ச வேகத்தில் சுழலவிட்டாலும், நல்ல நிலையிலுள்ள காகித ஃபில்டரில் காற்று இழப்பது பொதுவாக ஓரிரு கிலோபாஸ்கல்தான். ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் மிச்சமாவது அவ்வளவே; புதிய ஃபில்டர் மிச்சப்படுத்துவது அதில் ஒரு பகுதி. ஆகவே, எதிர்பார்க்கக்கூடிய ஆதாயம் ஒரு விழுக்காடு அல்லது அதையொட்டிய அளவு. அதுவும் உச்ச வேகத்தில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டும் சில வினாடிகளுக்கு மட்டுமே.

அன்றாட ஓட்டத்தில் அதுவும் கிடைக்காது. பெட்ரோல் என்ஜினில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது ஃபில்டருக்கு அப்பால் இருக்கும் த்ராட்டில் என்னும் கதவு. நீங்கள் சீராக ஓட்டும்போது அது பெரும்பாலும் மூடியே இருக்கிறது. என்ஜின் ஐட்லிங்கில் இருக்கையில், அந்தக் கதவுக்குப் பின்னால் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இறங்கிவிடுகிறது. குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்பதற்காகத் தொட்டியை அகலப்படுத்துவதைப் போன்றதே அந்த நிலையில் ஃபில்டரை மாற்றுவது. எரிபொருளின் அளவையும் கணினி காற்றின் அளவுக்கு ஏற்பவே தீர்மானிப்பதால், மைலேஜ் உயர்வதற்கு வழியே இல்லை.

இதைவிட முக்கியமானது தூசி. ஃபில்டர் அங்கே இருப்பதே அதைத் தடுப்பதற்காகத்தான். சாலைத் தூசியில் பெருமளவு கலந்திருக்கும் சிலிக்கா, என்ஜினின் உலோகப் பாகங்கள் பலவற்றைக் கீறும் அளவுக்குக் கடினமானது; அது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் புகுந்தால் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரு ஃபில்டர் 99 விழுக்காடு தூசியையும், இன்னொன்று 97 விழுக்காட்டையும் தடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டாவதன் வழியாக என்ஜினுக்குள் போகும் தூசி மூன்று மடங்கு. வாங்கியே தீருவது என்று முடிவு செய்திருந்தால், காற்று எவ்வளவு பாய்கிறது என்பதை விட்டுவிட்டு, ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறைப்படி எவ்வளவு தூசியைத் தடுக்கிறது என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தர மறுக்கும் ஃபில்டரை நான் வாங்க மாட்டேன்.

கழுவிய பிறகு எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால், அது காற்றோடு போய், காற்றின் அளவை அறியும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்துவிடக்கூடும். பிறகு எரிபொருள் கலவை பிசகும். எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

கேள்வி: நண்பர் ஒருவர் ஃபில்டரை மாற்றிய அன்றே பிக்கப்பில் பெரிய வேறுபாடு தெரிந்தது என்கிறார். ஆற்றலை அளந்த தாளையும் காட்டினார். அது எப்படி?

பதில்: முதலில் அவர் கழற்றிய பழைய ஃபில்டர் எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள். அடைத்துப்போன ஒன்றை எடுத்துவிட்டு எந்தப் புதிய ஃபில்டரைப் போட்டாலும், அது சாதாரணக் காகித ஃபில்டராகவே இருந்தாலும், வண்டி சுறுசுறுப்படையும். அடுத்தது ஓசை. நிறுவனம் தரும் ஃபில்டர் பெட்டி, என்ஜின் காற்றை இழுக்கும் இரைச்சலை அடக்கவும் வடிவமைக்கப்பட்டது. அதை அகற்றிவிட்டால் எழும் உறுமலை நம் காது வேகமாகக் கணக்கிட்டுவிடுகிறது. தாளைப் பொறுத்தவரை, ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து இரண்டு முறை அளந்தாலே ஓரிரு விழுக்காடு வேறுபட்டு வருவதுண்டு. அந்த அளவு உயர்வை ஃபில்டரின் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

கேள்வி: அப்படியானால், அடைத்துப்போன ஃபில்டராவது மைலேஜைக் குறைக்குமா?

பதில்: கணினி இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பழைய பாகமான கார்புரேட்டர் இருந்த காலத்தில் குறைத்தது, இப்போது அநேகமாக இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கணினி கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சப்படும் பெட்ரோல் கார்களில், அடைத்த ஃபில்டரை மாற்றியதால் மைலேஜ் உயரவில்லை. ஆனால் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 விழுக்காடு வரை மேம்பட்டது. பழைய கார்புரேட்டர் வண்டியிலோ, மைலேஜே 2 முதல் 6 விழுக்காடு வரை கூடியது. டீசல் வண்டிகளில், மிக மோசமாக அடைத்திருந்தால் காற்றுக் குறைவால் கரும்புகை வரும். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவும் வீணாகச் சிரமப்படும்.

கேள்வி: கார்புரேட்டர் உள்ள என் மோட்டார் சைக்கிளில், ஃபில்டர் பெட்டியையே எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைப் பொருத்த நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: கார்புரேட்டரில் எரிபொருள் வரும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகமான ஜெட்டையும் சேர்த்து மாற்றத் தயாராக இல்லையென்றால் வேண்டாம். காற்று கூடி எரிபொருள் அதற்கேற்பக் கூடாதபோது கலவை மெலிந்து, என்ஜின் தேவைக்கு மேல் சூடாகும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது தடுமாறும். ஜெட்டை மாற்றினாலும், பெட்டிக்குள்ளிருந்த காற்றின் அளவையும் குழாயின் நீளத்தையும் கணக்கிட்டுப் பெற்ற நடுத்தர வேகத்து இழுவையை நீங்கள் இழக்க நேரிடலாம்.

காரில் இதே கூம்பை பானெட்டுக்குள் திறந்தபடி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது குளிர்ந்த வெளிக்காற்றை விட்டுவிட்டு, என்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றை இழுக்கும். காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே அதன் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறைந்துவிடும். ஃபில்டரில் மிச்சப்படுத்தியதைவிட இழப்பு பெரிது.

கேள்வி: காகித ஃபில்டரை ஏர் அடித்துச் சுத்தம் செய்து எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பதில்: வண்டியின் கையேடு அனுமதித்தால் மட்டும், குறைந்த அழுத்தத்தில், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக. அதிக அழுத்தத்தில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். பல மோட்டார் சைக்கிள்களில் வரும் எண்ணெய்ப் பசையுள்ள காகித ஃபில்டரை ஒருபோதும் ஊதக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். புதியதைப் பொருத்தும்போது அதன் ரப்பர் ஓரம் பெட்டியில் எல்லாப் பக்கமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.