சாவிக்கொத்து யார் இடுப்பில்?

இந்த இதழில் நான் எழுதிவரும் தொடர்கதைக்கு இது பதினெட்டாவது வாரம். கற்பனை நகரம்தான். மலைக்கு அப்பாலிருந்து வந்த படை அதைப் பிடித்துவிட்டது. ராணி மேல்மாடத்தில் காவலில் இருக்கிறாள். அவளிடம் இருபது வருடம் வேலை பார்த்த அரண்மனைக் கணக்கர், அதே மேசையில் உட்கார்ந்து புதிய அரசனுக்கும் கணக்கு எழுதுகிறார். படிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும். வந்த கடிதங்களில் பாதி அந்தக் கணக்கரைத் திட்டித்தான். மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கணக்கர் துரோகியா, நல்லவரா? பதினெட்டு வாரமாக இழுக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

ஒரே வார்த்தை என்னிடம் இல்லை ஐயா. அவர் எங்கிருந்து வந்தார் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

எழுத வருவதற்கு முன் 29 வருடம் ஓர் அலுவலகத்தில் ரெக்கார்டு கீப்பராக இருந்தேன். ஒருமுறை எங்கள் அதிகாரியை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி எங்கோ போட்டார்கள். நல்ல மனிதர். என் அப்பா இறந்தபோது சுடுகாடு வரை நடந்து வந்தவர். அவரை மாட்டிவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர், மறுநாள் காலை பத்தேகாலுக்கு உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, “ரெக்கார்டு ரூம் சாவி யாரிடம்?” நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. பழைய அதிகாரியின் பியூன் அதற்கப்புறம் ஒன்றரை வருடம் என்னிடம் பேசவில்லை. என் மேசைக்கு வரவேண்டிய ஃபைலை எட்டவே நின்று போட்டுவிட்டுப் போவார்.

கொடுக்காமல் இருந்திருந்தால்? பூட்டை உடைத்திருப்பார்கள். உள்ளே எத்தனையோ பேருடைய பென்ஷன் காகிதங்கள் இருந்தன. அவை தரையில் இறைந்து கிடப்பதை நினைத்தால் எனக்கு அந்த இரண்டு அதிகாரிகளுமே சின்னவர்களாகத் தெரிந்தார்கள். நான் விசுவாசமாக இருந்தது அந்தக் காகிதங்களுக்கு என்று பின்னாளில் சொல்லிக்கொண்டேன். உண்மையா, சாக்கா? இன்றுவரை தெரியவில்லை. கணக்கருக்கும் தெரியாது.

இன்னொன்று. துரோகி என்ற பெயரை யார், எப்போது வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். சீனாவில் மிங் வம்சத்தின் பெரிய தளபதி ஹொங் செங்சௌ. 1642ல், வடகிழக்கிலிருந்து படையெடுத்து வந்த மஞ்சுக்களிடம் பிடிபட்டார், அப்புறம் அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டார். 1644ல் பெய்ஜிங் மஞ்சுக்கள் கைக்கு வந்தது. தெற்கை அவர்கள் அடக்குவதற்கு இவர் பெரிய துணை. சரி, மஞ்சு அரசு இவரைக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 1776ல் அதே வம்சத்து சியான்லாங் பேரரசர் ஒரு வரலாறு தொகுக்கச் சொன்னார். தலைப்பின் பொருள் ‘இரண்டு அரசுக்கு உழைத்த அமைச்சர்கள்’. ஹொங் அதில் இருக்கிறார். 1645ல் யாங்சௌ நகரைக் காத்து, சரணடைய மறுத்துச் செத்த மிங் அமைச்சர் ஷீ கெஃபாவுக்கோ, அவர் செத்து வெகுகாலம் கழித்து அதே பேரரசர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தார். தன் தாத்தாக்களை எதிர்த்தவனுக்கு மரியாதை, அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவனுக்குக் கறுப்புப் பட்டியல்! கணக்கு எளிது. நகரத்தைப் பிடிக்கும்போது கட்சி மாறுகிறவன் தேவை. பிடித்து நூறு வருடம் ஆனபிறகு, கட்சி மாறுகிறவன் தன் சபையிலேயே உட்கார்ந்திருப்பானோ என்ற பயம்.

என் கணக்கருக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. எழுதப்போவது புதிய அரசனின் பேரன்.

கேள்வி: படையெடுத்து வந்த அரசன்தான் வில்லனா?

அவன் ஊருக்குப் புதுசு. அநியாயம் செய்யக்கூட அவனுக்கு உள்ளூர் ஆள் வேண்டும்.

கேள்வி: மொழிபெயர்க்கும் பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு இடம்? அவள் அடிமைதானே, தளபதியைவிட அவளுக்கு அதிகப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். (வாசகி ஒருவர், பெயர் வேண்டாம் என்கிறார்)

தளபதி பேசுவது எதிராளிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அவள் கையில் இருக்கிறதே அம்மா! 1519ல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் மெக்சிகோவில் படையோடு இறங்கியபோது நடந்ததைப் பாருங்கள். அவர் ஸ்பானிஷில் சொல்வார். மாயா மக்களிடையே பல வருடம் மாட்டிக்கொண்டிருந்த அகிலார் என்ற ஸ்பானியர் அதை மாயா மொழியில் சொல்வார். மலின்ட்சின் என்ற அடிமைப் பெண் அதை அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் சொல்வாள். பதிலும் அதே வழியாகத் திரும்பும். ஒரு மிரட்டல் இரண்டு வாய் தாண்டி வரும்போது வேண்டுகோளாக ஆகலாம், வேண்டுகோள் சரணாகதியாகவும் ஆகலாம். கொஞ்ச நாளில் அவள் ஸ்பானிஷைக் கற்றுக்கொண்டாள். அகிலாருக்கு வேலை குறைந்தது. அரண்மனைச் சூழ்ச்சி என்றால் எனக்கு இதுதான். விஷமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஒருத்தி ஒரு மொழி கற்றுக்கொள்கிறாள், ஒருவர் நாற்காலி ஆட்டம் காண்கிறது.

அவளைத் துரோகி என்பவர்கள் இன்றும் மெக்சிகோவில் உண்டு. அயல்நாட்டு மோகத்துக்கு அங்கே அவள் பெயரை வைத்தே ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அவளை ஸ்பானியர்களிடம் கொடுத்தது யார்? கடலோரத்தில் தோற்ற உள்ளூர்த் தலைவர்கள். இருபது பெண்களில் ஒருத்தியாக, மற்ற காணிக்கைப் பொருட்களோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எந்த ஊருக்கு அவள் விசுவாசம் பாக்கி வைத்தாள் என்று எனக்குப் புரியவில்லை. தளபதியின் பக்கங்களைக் குறைத்தது அதனால்தான். தவிர, போர்க்காட்சி எழுத எனக்கு வராது.

கேள்வி: எங்கள் ராணி ஏன் மகளைப் புதிய அரசனின் அரண்மனைக்கே அனுப்பினாள்? மானம் இல்லையா?

1453ல் பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) ஒட்டோமான் துருக்கியர் கையில் விழுந்தது. கடைசிப் பேரரசரின் உடன்பிறந்தார் மகன் என்று வரலாற்றாசிரியர்கள் கருதும் ஒருவர், சுல்தானின் அரண்மனையில் வளர்ந்து மெசிஹ் பாஷா ஆனார். 1480ல் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்ட ஒட்டோமான் படைக்கு அவர்தான் தலைவர். பின்னாளில் தலைமை அமைச்சராகவும் ஆனார். பெரியப்பனோ சித்தப்பனோ செத்த மதிலுக்குள்ளேயே அவர் அதிகாரம் செலுத்தினார். ராணி இதைத்தான் கணக்குப் போடுகிறாள். மகள் போனது சிறைக்கா, சிம்மாசனத்தின் பக்கவாட்டுக்கா என்பது இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அவ்வளவு வாரம் இதழில் எனக்கு இடம் தரமாட்டார்கள்.

கேள்வி: சரணடைந்த மந்திரியின் தலை போகிறது, சரணடைந்த மடாதிபதிக்குப் பட்டுத்துணி கிடைக்கிறது. இது என்ன நியாயம்?

அதே நகரம்தான் இதற்கும் பதில். பேரரசின் தலைமை அமைச்சர் லூக்காஸ் நொத்தாராஸ் உயிரோடு பிடிபட்டார். சில நாளிலேயே சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அவரைக் கொன்றுவிட்டார். அதே வீழ்ச்சியில் அடிமையாகப் போன ஜென்னாடியோஸ் என்ற துறவியைத் தேடிக் கண்டுபிடித்து, 1454 ஜனவரியில் மதத்தலைவர் ஆக்கினார். இருவரும் ஒரே ஊர், ஒரே தோல்வி. வித்தியாசம் இதுதான்: அமைச்சருக்குப் பின்னால் ஓர் அரசு மறுபடி எழுந்துவிடலாம். துறவியோ ரோம் நகரத்துத் திருச்சபையோடு சேரக் கூடாது என்று முன்பிருந்தே முரண்டு பிடித்தவர். மேற்கிலிருந்து உதவிப்படை வந்துவிடுமோ என்று பயந்த சுல்தானுக்கு அந்தப் பிடிவாதம் தங்கம். துறவி கட்சி மாறவே இல்லை, பாருங்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார், அந்த இடம்தான் சுல்தானுக்கு வசதியாகப் போயிற்று.

கேள்வி: நானும் ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறேன். பிடிபட்ட நகரம், மூன்று கோஷ்டிகள், மனதைப் படிக்கும் மந்திரவாதி எல்லாம் இருக்கிறது. ஆனால் சூழ்ச்சி சூடு பிடிக்கவில்லை. என்ன செய்வது? (கல்லூரி மாணவர்)

முதலில் அந்த மந்திரவாதிக்குக் காய்ச்சல் வரவைத்துப் படுக்கப் போடுங்கள் தம்பி. மனதைப் படிக்க முடிந்தால் சூழ்ச்சிக்கு எங்கே வேலை? அவன் இருந்தே ஆகவேண்டும் என்றால், அவன் படித்துச் சொல்வதை அரசன் நம்பலாமா என்ற சந்தேகத்தையாவது வையுங்கள்.

அடுத்து ஒரு தாளில், வந்தவனுக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள். களஞ்சியத்தில் எத்தனை மாதத் தானியம், தண்ணீர் மதகு எந்தப் பக்கம் திறக்கும், எந்த இரண்டு குடும்பம் ஒரே பந்தியில் உட்காராது, யார் வரி பாக்கி. இவை தெரிந்த ஆட்கள்தான் உங்கள் பாத்திரங்கள். வாள் வைத்திருப்பவர்கள் பின்னால் நிற்கட்டும்.

கோஷ்டிகளைப் பற்றி. மூன்று கோஷ்டி என்று கோடு போட்டுவிட்டு ஆட்களை அதில் அடைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோடு ஆளுக்குள்ளேயே ஓடவேண்டும். இலங்கையில் கண்டி ராஜ்யத்தின் கதையைப் படியுங்கள். அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், தெற்கிந்தியாவிலிருந்து வந்த உறவுக்கூட்டம். பிரபுக்கள் சிங்களவர்கள். 1814ல் முதல் அமைச்சர் எகலப்பொல அரசனை எதிர்த்து, கடைசியில் ஆங்கிலேயரிடம் ஓடினார். அரசன் அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் கொன்றான். அந்தப் பதவிக்கு வந்த மொல்லிகொடவும் மறுவருடமே ஆங்கிலேயர் பக்கம் போனார். 1815 மார்ச் 2ல் உடன்படிக்கை, கண்டி கைமாறியது. அரசன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832ல் அங்கேயே இறந்தான். ஆங்கிலேயரைக் கூட்டி வந்த எகலப்பொலவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? 1818 கலகத்தின்போது சந்தேகத்தில் பிடித்தார்கள். மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். 1829ல் அங்கே செத்தார். எதிரெதிராக நின்ற இருவருக்கும் சாவு மட்டும் கடல் தாண்டித்தான்.

அதே கலகத்தில் கெப்பட்டிபொல. ஆங்கிலேயரின் அதிகாரி. கலகத்தை அடக்கத்தான் அவரை அனுப்பினார்கள். போன இடத்தில் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். ஆனால் அதற்கு முன், ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1818 நவம்பரில் தலையை வெட்டினார்கள். அந்தத் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிய மனசை யோசியுங்கள். எஜமானனை விட்டுவிட்டார், அவனுடைய சாமானை வைத்துக்கொள்ள மட்டும் கூசினார். உங்கள் நாவலில் இப்படி ஒருவன் இருந்தால் நான் முன்பணம் கட்டி வாங்குவேன்.

ஒற்றர்களுக்கு வெளியே போகவேண்டாம், வள்ளுவர் போதும். ஒற்றன் ஒருவனை இன்னொருவன் அறியாதபடி வை, மூவர் சொல் ஒத்துப்போனால் நம்பு என்கிறார். அந்த மூவரில் ஒருவன் மற்ற இருவரையும் எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டால்? அங்கே உங்களுக்குப் பத்து அத்தியாயம் இருக்கிறது. புறநானூற்றில் இன்னொரு காட்சி: ஒரு சோழனிடமிருந்து இன்னொரு சோழனின் உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று கொல்லப்போகிறார்கள். கோவூர் கிழார் பாடிக் காப்பாற்றுகிறார். பரிசிலுக்கு ஊர் ஊராகப் போகிறவன், கோட்டைக் கதவு மூடியதும் உளவாளி ஆகிவிடுகிறான். அவன் மாறவில்லை, கதவுதான் மாறியது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பாத்திரம்?

தோட்டக்காரக் கிழவர். இரண்டு அரசர்களுக்கும் அவர் பெயர் தெரியாது.

கேள்வி: பதினான்காம் வாரத்தில் மதகுச் சாவி கணக்கர் இடுப்பில் இருந்தது. போன வாரம் வாயில்காவலன் அதை எடுத்துக் கதவைத் திறக்கிறான். இடையில் யாரும் கைமாற்றவில்லை. பிழையா, மர்மமா? (இருவர் தனித்தனியே கேட்டிருக்கிறார்கள்)

பிழை. ரெக்கார்டு ரூமில் இருந்தவன் சாவியைத் தொலைத்தான் என்று வீட்டில் ஒரே சிரிப்பு. இரண்டு கொத்து இருந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று நேற்று ராத்திரி யோசித்தேன். யோசித்தால், ராணி காலத்திலேயே கணக்கருக்குத் தெரியாமல் இன்னொரு கொத்து செய்து வைத்தது யார் என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இருபதாம் வாரம் வரை பொறுங்கள்.