பில் கவுண்டரில் இருக்கும் பையனுக்கு எதற்கு அட்மின் அதிகாரம்?

திருமங்கலத்தில் மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சி ஷார்ப் என்ற புரோகிராம் மொழியில் எழுதியது. பிரிண்டர் பெயர், வரி விகிதம், அடுத்த பில் எண் மூன்றையும் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், கம்ப்யூட்டருக்கே பொதுவான லோக்கல் மெஷின் பகுதியில் வைத்திருக்கிறார். வீட்டு லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. கடை கவுண்டரில் திறந்த உடனே, ரெஜிஸ்ட்ரிக்கு அனுமதி இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. சர்வீஸ்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்கிறார். அட்மின் வேலைக்கு முன்னால் அனுமதி கேட்கும் யூஏசியை ஆஃப் பண்ணி, எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறாராம். "வரியை மாமா மட்டும்தான் மாற்ற வேண்டும், கவுண்டர் பையன் தொடக்கூடாது. இதை என் புரோகிராமிலேயே கட்டுப்படுத்த முடியுமா? பழைய புத்தகம் ஒன்றில் ரெஜிஸ்ட்ரிபர்மிஷன் என்று பார்த்தேன்" என்பது கேள்வி.

தம்பி, முதலில் அந்த ஐந்நூறு ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் புத்தகத்தையும் மூடி வையுங்கள். ரெஜிஸ்ட்ரிபர்மிஷன் என்பது 'இந்தப் புரோகிராமை நம்பலாமா' என்று பார்ப்பதற்காக, சி ஷார்ப் புரோகிராம்கள் ஓடும் மேடையான டாட்நெட்டில் வைத்திருந்த ஏற்பாடு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது மாமாவா, பையனா என்று அது எப்போதுமே கேட்டதில்லை. 2010-ல் வந்த டாட்நெட் 4-லேயே அதன் அடித்தளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். 2020-ல் டாட்நெட் 5 வந்தபோது காலாவதி என்று முத்திரையும் குத்தியாயிற்று. இருந்தும் பாடம் நடத்துகிறவர்கள் விடுவதாக இல்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதை வாசலில் சோதனை போடுகிறவர்தான் பார்க்கிறார். 'நான் போன் கொண்டுவர மாட்டேன்' என்று நாமே ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் அது காவல் ஆகுமா? ரெஜிஸ்ட்ரியிலும் காவல் இருப்பது வாசலில், அதாவது ஒவ்வொரு கீயின் மேலும் (கீ என்றால் ரெஜிஸ்ட்ரிக்குள் இருக்கும் ஃபோல்டர் மாதிரி). யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று விண்டோஸ் அங்கே எழுதி வைத்திருக்கிறது. லோக்கல் மெஷினின் சாஃப்ட்வேர் பகுதியை சாதாரண யூசர் படிக்கலாம், எழுத முடியாது. நீங்கள் கேட்கும் பாதுகாப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, உங்கள் புரோகிராம்தான் அதோடு மல்லுக்கு நிற்கிறது.

எப்படி என்றால், வரி விகிதத்தைப் படிக்கும் இடத்திலும், கீயைத் திறக்கும் ஓப்பன்சப்கீ என்ற கட்டளைக்கு இரண்டாவதாக 'ட்ரூ' கொடுத்திருப்பீர்கள். 'எழுதவும் வேண்டும்' என்று அதற்கு அர்த்தம். நீங்கள் படிக்க மட்டும் நினைத்திருந்தாலும், எழுதும் உரிமையையும் சேர்த்துக் கேட்பதால் விண்டோஸ் மறுத்துவிடும். அந்த 'ட்ரூ'வை எடுத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அந்த மூன்று விஷயங்களையும் பிரித்து வையுங்கள். பிரிண்டர் பெயர் அவரவர் சௌகரியம், ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு யூசருக்கும் தனியாக இருக்கும் கரண்ட் யூசர் பகுதிக்குப் போகட்டும். அங்கே எழுத யாரையும் கேட்க வேண்டாம். பில் எண் ஒவ்வொரு பில்லுக்கும் மாறுவது, அதற்கு ரெஜிஸ்ட்ரியில் என்ன வேலை? டேட்டாபேஸில் வையுங்கள். லோக்கல் மெஷினில் மிஞ்சுவது வரி விகிதம் மட்டும். அதை மாற்றும் திரையை மட்டும் பிரித்து, தனியாக ஒரு சின்ன புரோகிராமாக்குங்கள். புரோகிராமுக்கு என்ன அதிகாரம் வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்புதான் மேனிஃபெஸ்ட். வரித் திரையின் மேனிஃபெஸ்டில் 'ரிக்வயர் அட்மினிஸ்ட்ரேட்டர்' (அட்மினாகத்தான் ஓட வேண்டும்), பில் போடுவதில் 'ஆஸ் இன்வோக்கர்' (திறந்தவரின் அதிகாரமே போதும்) என்று போடுங்கள். கவுண்டர் லாகினை ஸ்டாண்டர்டு யூசராக, அதாவது அட்மின் அல்லாத யூசராக, ஆக்கிவிட்டால், வரித் திரையைத் திறக்கும்போது விண்டோஸே அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். மாமா வந்து அடிக்கட்டும்.

அந்தப் பாஸ்வேர்டு மாமாவுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். இந்த ஊரில் நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் முதலாளிக்கே தெரியாது, சர்வீஸ்காரரிடம்தான் இருக்கும். தூரத்திலிருந்து கன்ட்ரோல் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றையும் போட்டு வைத்திருப்பார். அடுத்த வருஷம் ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் திடீரென்று "உங்க சிஸ்டம்ல வைரஸ் சார்" என்பார். யூஏசியை அணைத்துவிட்டால் அட்மின் லாகினில் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் இருப்பதற்கும் சேர்த்து, முழு அதிகாரம் போய்விடும். ஃபுல் கன்ட்ரோல் என்பதும் எழுதும் உரிமையோடு நிற்பதில்லை. கீயை அழிக்கலாம், அதன் மேல் இருக்கும் அனுமதியையே மாற்றலாம். பூட்டோடு சாவியையும் தெருவில் வைப்பதற்கு ஐந்நூறு ரூபாய் கூலி. இதில் விண்டோஸ் மேலும் தப்பு இருக்கிறது. புது கம்ப்யூட்டரில் முதலில் உண்டாக்கும் கணக்கையே அட்மினாக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு 'ஜாக்கிரதை' என்று பெட்டி பெட்டியாகக் கேள்வி கேட்டால் யார்தான் படிப்பார்கள்?

சாதாரண யூசர் எழுதப் பார்த்தால் விண்டோஸ் தடுக்கும் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் விபி 6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய மொழியில் எழுதிய புரோகிராம் ஏதாவது இன்னும் ஓடுகிறதா? 2025 செப்டம்பர் 22-ல் சிமென்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, ஒரு கடையில் முதலாளி மாற்றிய வரி கவுண்டரில் மாறவே இல்லை. முதலாளி திரையில் 18, பையன் போடும் பில்லில் 28. ஆளுக்கு ஆள் பையனைத் திட்டினார்கள். காரணம் அவனல்ல. மேனிஃபெஸ்ட் இல்லாத பழைய 32 பிட் புரோகிராம் லோக்கல் மெஷினில் எழுதப் பார்த்தால், விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ் அதைத் தடுப்பதில்லை. சத்தமில்லாமல் அந்த யூசருக்கென்று ஒரு நகல் எடுத்து, கரண்ட் யூசருக்குள் சாஃப்ட்வேர், கிளாசஸ், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் போட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த யூசருக்கு அந்த நகல்தான் முதலில் கண்ணில் படும். பையன் எப்போதோ அமைப்புத் திரையில் 'சேவ்' அழுத்தியிருக்கிறான், அன்றைய 28 அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நிஜமான கீயில் எத்தனை தடவை மாற்றினாலும் கவுண்டரில் தெரியாது. கவுண்டர் லாகினில், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டைத் திறந்து, முதலில் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலை அழித்த பிறகுதான் 18 வந்தது. எந்தெந்த புரோகிராமுக்கு இப்படி நடக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'யூஏசி விர்ச்சுவலைசேஷன்' என்ற பத்தியைச் சேர்த்துப் பார்க்கலாம். சி ஷார்ப் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ உங்கள் புரோகிராமில் தானாகவே மேனிஃபெஸ்ட் வைத்துவிடுவதால், உங்களுக்கு நகல் கிடைக்காமல் நேராக எர்ரர் வந்தது. எர்ரர் வந்ததே நல்லது.

வீட்டில் மட்டும் ஏன் ஓடியது என்கிறீர்களா? விஷுவல் ஸ்டூடியோவை ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். அதிலிருந்து ஓட்டும் புரோகிராமும் அட்மினாகவே ஓடும். லேப்டாப்பில் ஒரு ஸ்டாண்டர்டு லாகின் உண்டாக்கி, அதில் ஒரு நாள் முழுக்க பில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் திருமங்கலத்துக்கு எடுத்துப் போங்கள்.