பழைய எஸ்டேட் பங்களாவை ஷூட்டிங்குக்கு விடுறவங்களுக்கு: கேள்வி பதில்

தளியிலிருந்து: ஹாலுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சுக்கிறோம், ஷூட்டிங் முடிஞ்சதும் பழையபடி வெள்ளை அடிச்சுத் தர்றோம்னு ஆர்ட் டிபார்ட்மென்ட்ல கேக்குறாங்க. விடலாமாங்க?

வேண்டாங்க. அது சுண்ணாம்புக் காரைச் சுவர். தரையிலிருந்து ஏறுற ஈரம் காரை வழியாத்தான் வெளியே போகணும். எமல்ஷன் பெயின்ட் அதை அடைச்சிடும். உள்ளே நின்ன ஈரம் உப்புப் பூத்து, மழைக்காலம் வந்தா காரையோட பொரிஞ்சு விழும். மேலே வெள்ளை எமல்ஷன் அடிச்சா அடைப்பு ரெண்டாகும், அவ்வளவுதான். சுவரிலிருந்து அரை அடி தள்ளி மரச்சட்டத்தில் பிளைவுட் நிறுத்தி, அதுல என்ன நிறம் வேணுமோ அடிச்சுக்கட்டும். பின்னால முட்டுக் கொடுக்க மணல் மூட்டை போதும், சுவரில் ஆணி இறங்கக் கூடாது. சுவர்லயேதான் நிறம் வேணும்னா சுண்ணாம்புத் தண்ணியில் காவியோ நீலமோ கலந்து அடிக்கலாம். டபுள் சைட் டேப்பும் வேண்டாம், உரிக்கும்போது சுண்ணாம்பைக் கூட்டிட்டு வரும்.

பாலக்கோட்டிலிருந்து: எங்க வீட்டுல ஏற்கெனவே பெயர்ந்துபோச்சுங்க. சிமென்ட் பூசிடலாமா?

சிமென்ட்டும் அதே அடைப்புதான். தட்டிப் பார்த்து, பொள்ளுனு சத்தம் வர்ற காரையை எடுத்துடுங்க. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால தட்டணும். தண்ணி விட்டுக் கழுவினா உப்பு திரும்ப உள்ளே போகும். குறைஞ்சது 15 நாள் ஊறின சுண்ணாம்பு 1 பங்கு, சலிச்ச மணல் 3 பங்கு. ஒரு பூச்சு அரை இஞ்சுக்கு மேல போகக் கூடாது. ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் காயாம வைங்க. அவசரப்பட்டா வெடிக்கும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: மொட்டைமாடியில ஜிம்மி ஜிப், அதாவது நீளக் கை வச்ச கேமரா கிரேன், ஏத்தணுங்கிறாங்க.

மெட்ராஸ் டெரஸ்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. மரச்சட்டத்து மேல செங்கலைக் குத்துக்கல்லா அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை அது. எதிர் எடையோட பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். சட்டம் மக்குறது பெரும்பாலும் சுவருக்குள்ள போற நுனியில. கீழே நின்னு பார்த்தாத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, சுலபமா இறங்கினா மேல ஆளே ஏறக் கூடாது. மழை சீனுக்கு 12,000 லிட்டர் டேங்கர் வந்தா தண்ணி மட்டுமே 12 டன். செப்டிக் டேங்க், பழைய தொட்டி மேல வண்டி ஏறாம அந்த இடத்தில் கயிறு கட்டி மறிச்சிடுங்க.

ஓசூரிலிருந்து: வாடகை எப்படிப் பேசணும்?

ஷூட்டிங் நாளுக்கு மட்டும் பேசினா ஏமாந்துடுவீங்க. செட் போடுற நாள், பிரிக்கிற நாள் ரெண்டுக்கும் பாதி வாடகையாவது எழுதி வாங்குங்க. டெபாசிட் தனி. முதல் வண்டி வர்றதுக்கு முன்னால அறை அறையா, தரை, கூரை, கதவு எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்.

அஞ்செட்டியிலிருந்து: மார்கழியில் நைட் ஷூட்டிங் கேக்குறாங்க அண்ணா.

ராகி அறுவடை நேரம், யானை இறங்குற காலம். ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேக்காம ஒத்துக்காதீங்க. மீந்த சாப்பாட்டை வெளியே கொட்ட விடாதீங்க, அன்னைக்கன்னைக்கே வண்டியில ஏத்தி அனுப்பிடணும்.