டிவிக்குப் போனால் விலைபோனதாக அர்த்தமா?

கேள்வி: மானெஸ்கின் பாட்டுகளைக் கேட்டு இத்தாலிய ராக் பக்கம் வந்தவன் நான். டிவி போட்டியில் அவர்களுக்கு வழிகாட்டிய மானுவேல் ஆன்யெல்லியின் சொந்தக் குழு ஆஃப்டர்அவர்ஸைக் கேட்கச் சொல்கிறான் ஒரு நண்பன். இன்னொருவனோ, 'டிவிக்குப் போனதோடு அந்த ஆள் விலைபோய்விட்டார், விடு' என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? எனக்கு இத்தாலிய மொழியும் தெரியாது.
– ஒரு வாசகர்

பதில்: முதல் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டாமவர் சொல்வது பழைய புகார். ஆன்யெல்லி எக்ஸ் ஃபேக்டர் என்ற அந்த டிவி போட்டியில் நடுவராக உட்கார்ந்தது 2016இல். அதற்கு ஏழு வருடம் முன்பே, டிவியில் வரும் சான்ரெமோ பாட்டுப் போட்டி விழாவில் ஆஃப்டர்அவர்ஸ் மேடையேறியபோது ரசிகர்கள் முகம் சுளித்துவிட்டார்கள். பெரிய இசை நிறுவனங்களைச் சாராத இண்டி குழுவுக்கு அங்கே என்ன வேலை என்று கோபம்.

அங்கே நடந்ததைப் பாருங்கள். இறுதிச் சுற்றுக்கே அவர்கள் போகவில்லை. ஆனால் விமர்சகர்களின் மியா மார்த்தினி விருது அவர்களுக்குத்தான். அப்புறம் அந்தப் போட்டிப் பாட்டின் பெயரிலேயே ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கிடைத்த வெளிச்சத்தில் தங்கள் ஆல்பத்தை விற்றிருக்கலாம். அதை விட்டுவிட்டு, தங்களையும் சேர்த்து 19 இத்தாலியக் கலைஞர்களின் பாட்டுகளை அதில் போட்டார்கள். 2001இலேயே 'தோரா! தோரா!' என்று ஊர் ஊராகப் போகும் விழா தொடங்கி மற்ற இண்டி குழுக்களையும் மேடையேற்றியவர் ஆன்யெல்லி. விலைபோகிறவர் செய்கிற வேலையா இது? உங்கள் மானெஸ்கின் 2017 போட்டியில் இரண்டாம் இடம் வந்ததும் அவர் அணியிலிருந்துதான். 2021 சான்ரெமோவில் பழைய பாட்டுகளுக்கான இரவில் அவர்களோடு சேர்ந்து பாடவும் வந்தார். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. மிலானில் 80களின் பிற்பகுதியில் கிளம்பிய இந்தக் குழு முதலில் பாடியதே ஆங்கிலத்தில்தான். அந்த ஆல்பங்களை நீங்கள் அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். 1995இல் வந்த 'ஜெர்மி'யில்தான் இத்தாலியனுக்கு மாறினார்கள். அதில் உள்ள ஒரு பாட்டை இத்தாலியின் பெரும் பாடகி மினாவே பிறகு வேறு தலைப்பில் பாடினார்.

நீங்கள் 1997இல் வந்த 'ஆய் பவுரா தெல் பூயோ?'வில் ஆரம்பியுங்கள். இருட்டைக் கண்டு பயமா என்று கேட்கும் தலைப்பு. அதில் 'மாலே தி மியேலே' பாட்டில் கிட்டார் காதைக் கிழிக்கும். 'பெல்லே' வந்ததும் அதே குரல் குழைந்துவிடும். வயலின் வேறு இருக்கிறது, அழகுக்காக ஒட்டியது இல்லை. பிடித்திருந்தால் 2005இன் 'பல்லாத்தே பெர் பிக்கோலே இயேனே'. இதற்கு ஆங்கில வடிவமும் உண்டு, ஆனால் எனக்கு இத்தாலியன்தான் ஒட்டுகிறது.

2016இன் 'ஃபோல்ஃபிரி ஓ ஃபோல்ஃபாக்ஸ்' கடைசியாக இருக்கட்டும். தலைப்பில் இருப்பவை புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரண்டு கீமோ சிகிச்சைகளின் பெயர்கள். ஆன்யெல்லி தன் அப்பாவை இழந்த பிறகு செய்த ஆல்பம். நல்ல ஆல்பம்தான், ஆனால் வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் கேட்காதீர்கள்.