கண்புரை ஆபரேஷன்: துப்பாக்கி சுடுபவர்களுக்கு எந்த லென்ஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரைஃபிள் கிளப்புகளுக்குப் போகிறவர்களிடமிருந்து கண்புரை பற்றிக் கேள்விகள் நிறைய வருகின்றன. அதில் ஆச்சரியமில்லை. வயது ஏறியும் போட்டியில் நிற்க முடிகிற விளையாட்டு இது. ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு வயது 72.

பதில்களுக்குள் போகும் முன் ஒரு விஷயம். கண்புரை ஆபரேஷனில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, கண்ணுக்குள் ஒரு செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஃபோகஸ் கொஞ்சம் தள்ளி நின்றால், வெளியே ஒரு கண்ணாடி போட்டுச் சரிசெய்துவிடலாம். உள்ளே வைத்த லென்ஸ் கான்ட்ராஸ்டை, அதாவது கருப்பும் வெளுப்பும் பிரிந்து தெரிவதை, குறைத்துவிட்டால், எந்தக் கண்ணாடி போட்டாலும் அது திரும்பி வராது. கீழே நான் சொல்லும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

கேள்வி: வயது 61. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே தேவைப்படாது என்கிறார்கள். ஃப்ரண்ட் சைட் (குழல் முனையில் இருக்கும் குறி), டார்கெட் இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியுமா? (கோவை)

தெரியாது. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

மல்டிஃபோகல், டிரைஃபோகல் லென்ஸ்கள் கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைப் பங்கு போடுகின்றன. ஒரு பங்கு தூரத்துக்கு, இன்னொன்று படிக்கும் தூரத்துக்கு, டிரைஃபோகல் என்றால் நடுவில் மேலும் ஒன்று. உதாரணமாக, பான்ஆப்டிக்ஸ் என்ற டிரைஃபோகல் லென்ஸின் நடுத்தூரம் சுமார் 60 செ.மீ., கிட்டத்தூரம் சுமார் 40 செ.மீ. கையை நீட்டி பிஸ்டல் பிடிக்கும்போது ஃப்ரண்ட் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய 75 முதல் 90 செ.மீ. தள்ளி நிற்கிறது. இரண்டுக்கும் அது வெளியே. அது மட்டுமில்லை, ஒரு தூரத்தின் பிம்பம் தெளிவாக விழும்போது மற்ற தூரங்களின் மங்கிய பிம்பங்களும் அதன் மேலேயே படிகின்றன. செய்தித்தாள் படிக்கும்போது மூளை அதை ஒதுக்கிவிடும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் ஒரு கருப்பு விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த விளிம்பு சாம்பலாகிப் போகும்.

பிஸ்டல் பிடித்தவுடன் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கண் பக்கம் இருக்கும் ரியர் சைட்டின் வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட் நிற்கிறது. அதன் இரு பக்கமும் இரண்டு மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். அவை இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான் கண் அளக்கிறது. இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 33 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொண்டால், ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. விலகினாலே பெல்லட் டார்கெட்டில் ஏறக்குறைய 3 செ.மீ. தள்ளி விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். கீற்றின் ஓரம் கலங்கியிருந்தால் அந்தச் சமத்தைக் கணிக்க முடியாது. பயிற்சி எவ்வளவு இருந்தாலும் இதை ஈடுகட்டுவது கஷ்டம்.

ஒரே தூரத்துக்கு மட்டும் ஃபோகஸ் தரும் சாதாரண மோனோஃபோகல் லென்ஸ், அதிலும் ஆஸ்ஃபெரிக் (விளிம்பு நோக்கி வளைவு மாறும்) வகையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்லட் போடவும் ஸ்கோர் ஷீட் படிக்கவும் ஒரு ரீடிங் கிளாஸ் தேவைப்படும். அந்தச் சிரமம் தாங்கக்கூடியதுதான்.

கேள்வி: மோனோஃபோகல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். "தூரத்துக்கு வைக்கவா, கிட்டத்துக்கு வைக்கவா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? (மதுரை)

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

ஃப்ரண்ட் சைட் மேலேயே கச்சிதமாக ஃபோகஸ் வைத்தால் டார்கெட் தேவைக்கு மேல் மங்கும். டார்கெட்டில் வைத்தால் சைட் கலங்கும். ஒளியியல் கணக்குப்படி, ஃப்ரண்ட் சைட் இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் ஃபோகஸ் இருந்தால் இரண்டும் ஓரளவு நியாயமாகத் தெரியும். சைட் 75 செ.மீ. என்றால் ஃபோகஸ் 1.5 மீட்டரில் இருக்க வேண்டும். பவர் கணக்கில் அது 0.67. அதனால்தான் தூரப்பார்வை சரியாக உள்ள பிஸ்டல்காரர்கள் பிளஸ் 0.50 அல்லது 0.75 லென்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். ரைஃபிளில் ஃப்ரண்ட் சைட் இன்னும் தள்ளி, ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். ரியர் சைட்டின் சிறு துளையும் உதவுகிறது. அங்கே 0.50 போதும்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். குறிபார்க்கும் கண்ணையே மைனஸ் 0.50 அளவில் விட்டுவிடுவது ஒன்று. கண்ணைத் தூரத்துக்குச் சரியாக வைத்துவிட்டு, மீதியை ஷூட்டிங் ஃப்ரேமில் (சுடுவதற்கென்றே செய்த கண்ணாடிச் சட்டத்தில்) ஒரு பிளஸ் லென்ஸாகப் போட்டுக்கொள்வது இன்னொன்று. வண்டி ஓட்டுகிறவர், பிஸ்டலோடு மற்ற பிரிவுகளிலும் சுடுகிறவர் என்றால் இரண்டாவதுதான் என் தேர்வு.

ஆனால் ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. லென்ஸ்கள் பெரும்பாலும் 0.50 படிகளாகத்தான் வருகின்றன. கண்ணாடிக் கணக்கில் ஒரு படி சுமார் 0.35. நல்ல பயோமெட்ரி (லென்ஸ் பவரைக் கணிக்கக் கண்ணை அளப்பது) செய்தாலும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் முடிவு குறிவைத்த பவரிலிருந்து அரை பவருக்குள் நிற்கும். பூஜ்யத்துக்குக் குறிவைத்து பிளஸ் பக்கம் போய்விட்டால், செயற்கை லென்ஸால் தானாக ஃபோகஸை இழுக்க முடியாது. தூரமும் மங்கும், சைட் அதைவிட மங்கும். அதனால் குறி சற்று மைனஸ் பக்கம், அதாவது மைனஸ் 0.25 முதல் 0.50 வரை இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கடைசிச் சில்லறையை ஷூட்டிங் ஃப்ரேம் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். ரேஞ்சில் துப்பாக்கி காலியாக இருப்பதை இருவராகச் சரிபார்த்துவிட்டு, வழக்கமான நிலையில் நில்லுங்கள். கண்ணின் ஓரத்திலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை இன்னொருவர் டேப்பால் அளக்கட்டும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். பெரும்பாலான கண் டாக்டர்களுக்கு இந்த விளையாட்டின் தூரங்கள் பழக்கமில்லை. அந்த ஒரு எண் அவர்களுக்கு நிறைய சொல்லிவிடும்.

கேள்வி: மல்டிஃபோகல் வேண்டாம், சரி. ஈடாஃப் என்று ஒரு வகை சொல்கிறார்கள். அதுவும் ஆகாதா? (திருச்சி)

ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஈடாஃப் லென்ஸ்கள் ஃபோகஸை ஒரு புள்ளியில் வைக்காமல் கொஞ்சம் நீட்டி வைக்கின்றன. சிம்ஃபனி போன்றவை வளைய வடிவ டிஃப்ராக்டிவ் அமைப்பால் இதைச் செய்கின்றன. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். விவிட்டியில் வளையங்கள் இல்லை, தொந்தரவு குறைவு. எப்படி நீட்டினாலும் கூர்மையில் கொஞ்சம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஐஹான்ஸ் போன்ற "மோனோஃபோகல் பிளஸ்" வகை கிட்டத்தட்ட மோனோஃபோகல் தரத்திலேயே நிற்கிறது. பொழுதுபோக்காகச் சுடுகிறவர், கம்ப்யூட்டர் வேலையும் உண்டு என்றால் அதை யோசிக்கலாம். மாநில, தேசிய அளவில் ஒவ்வொரு புள்ளிக்கும் உழைக்கிறவர் என்றால் சுத்தமான மோனோஃபோகலையே சொல்வேன்.

கேள்வி: ரைஃபிள் சுடுகிறேன். நடுவில் சிறு துளை வைத்த லென்ஸ் ஒன்று இருக்கிறதாமே? நம் ரியர் சைட் மாதிரியேதானே? (சென்னை)

நல்ல கேள்வி. ஐசி-8 என்ற லென்ஸைச் சொல்கிறீர்கள். கருப்பு வளையத்தின் நடுவே 1.36 மி.மீ. துளை. சிறு துளை வழியே பார்க்கும்போது கிட்டேயும் தூரத்திலும் தெளிவு கூடுகிறது. ரியர் சைட்டின் தத்துவமும் அதேதான்.

அங்கேதான் சிக்கல். உங்கள் ரைஃபிளின் ரியர் சைட்டில் ஏற்கெனவே ஒரு மி.மீ. அளவை ஒட்டித் திறந்து மூடும் ஐரிஸ் (துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அமைப்பு) இருக்கிறது. அதை வெளிச்சத்துக்கு ஏற்ப நீங்களே மாற்றிக்கொள்கிறீர்கள். கண்ணுக்குள் இருக்கும் துளையை மாற்ற முடியாது. இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் இருட்டும். உள்ளரங்க ரேஞ்சில் வெளிச்சம் போதாது. பொதுவாக இந்த லென்ஸை ஆதிக்கம் இல்லாத (பார்க்கும்போது மூளை குறைவாகச் சார்ந்திருக்கும்) கண்ணில்தான் வைக்கிறார்கள். குறிபார்க்கும் கண்ணுக்கு வேண்டாம்.

கேள்வி: குறிபார்க்காத கண்ணுக்கும் ஆபரேஷன் வரப்போகிறது. பிளைண்டர் போட்டு அந்தக் கண்ணை மறைத்துவிடுகிறேன். அதில் என்ன லென்ஸ் வைத்தால் என்ன? (ஈரோடு)

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுடும்போது அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை என்பதால் அதைக் கொஞ்சம் கிட்டத்துக்கு, மைனஸ் 1.25 முதல் 1.50 வரை வைத்துக்கொள்ளலாம். போன், விலைச்சீட்டு, பக்கத்தில் இருக்கும் ஸ்கோர் மானிட்டர் எல்லாம் கண்ணாடியில்லாமல் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் இரு கண்களுக்கும் இடையே இந்த வித்தியாசம் எல்லோருக்கும் ஒத்துவராது. முதலில் சில நாள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்துவிடுங்கள். பயோமெட்ரிக்கு முன் சாஃப்ட் லென்ஸை ஒரு வாரமாவது கழற்றி வைக்க வேண்டும், ஹார்ட் லென்ஸ் என்றால் அதைவிட நீண்ட இடைவெளி தேவை.

கேள்வி: டிராப் சுடுகிறேன், இரு கண்களும் திறந்தபடி. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பறக்கும் களிமண் தட்டு எங்கே என்றே பிடிபடவில்லை. (புதுக்கோட்டை)

மேலே சொன்ன கிட்டம்-தூரம் ஏற்பாடு உங்களுக்கு அறவே கூடாது. 110 மி.மீ. தட்டு வேகமாக விலகிப் போகிறது. அதன் தூரத்தையும் திசையையும் இரு கண்களும் சேர்ந்துதான் கணிக்கின்றன. இப்போது ஒரு கண் பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் இருப்பதால் கணிப்பு குழம்புகிறது. ஆபரேஷன் ஆனது ஆதிக்கக் கண் இல்லையென்றால், மூளை இப்போது தெளிவான கண்ணின் பக்கம் சாய்வதும் உண்டு. தூரத்தில் ஒரு புள்ளியை இரு கைகளின் இடுக்கு வழியாகப் பார்த்து, கண்களை மாற்றி மாற்றி மூடி, எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறது என்று மறுபடி சோதியுங்கள். இரண்டாவது கண்ணை அதிகம் தள்ளிப்போடாதீர்கள். இரண்டிலும் மோனோஃபோகல், இரண்டும் தூரத்துக்கு.

கேள்வி: ரெட் டாட் சைட்டில் புள்ளி வால்நட்சத்திரம் மாதிரித் தெரிகிறது. கண்புரையாலா? (சேலம்)

புரையாலும் இருக்கலாம். பெரும்பாலும் சிலிண்டர் பவர்தான், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததுதான், காரணமாக இருக்கும். கார்னியாவில் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தில்) சிலிண்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். டெலஸ்கோப் சைட் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய கவலை இல்லை, ஐபீஸைத் திருகி ஃபோகஸை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் விலைப்பட்டியல் நீளமாகக் கொடுத்தார்கள். எதற்குப் பணம் கொடுப்பது நியாயம்? (திண்டுக்கல்)

இந்த விளையாட்டைப் பொறுத்தவரை பட்டியலின் மேல்தட்டில் இருப்பவைதான் உங்களுக்குக் குறைவாக உதவும். இது எனக்கு மிகவும் ஆறுதலான விஷயம். மதுரையில் 1992-ல் ஆரம்பித்த அரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம், லென்ஸ் விலையைச் சாதாரண மக்கள் கைக்கு எட்டும்படி இறக்கியது. நல்ல மோனோஃபோகல் இன்று எவருக்கும் எட்டாத பொருள் இல்லை.

கூடுதல் பணம் கொடுப்பதென்றால் இரண்டுக்குக் கொடுங்கள். ஒன்று ஆஸ்ஃபெரிக், மங்கிய வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் காப்பாற்றப்படும். இன்னொன்று, சிலிண்டர் இருந்தால் டோரிக். டோரிக் லென்ஸ் உள்ளே ஒவ்வொரு டிகிரி திரும்பினாலும் பலனில் சுமார் 3 சதவீதம் போய்விடும். 30 டிகிரி திரும்பினால் பலனே இருக்காது. அதனால் அளவெடுப்பதில் அவசரப்பட விடாதீர்கள். கண் வறண்டிருந்தால் அளவே தப்பாக வரும், முதலில் அதற்குச் சிகிச்சை. விழித்திரையையும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். மேக்குலாவில் (விழித்திரையின் மையத்தில்) கோளாறு இருந்தால் எந்த லென்ஸும் கூர்மையைத் தராது.

கேள்வி: துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினாரே! எனக்கு எதற்கு ஷூட்டிங் ஃப்ரேம்? (நாகர்கோவில்)

2024 பாரிஸில் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் அவர் நின்ற விதம் அழகு. இரு கண்களும் திறந்தபடி சுடுகிறவர் அவர். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியும் போதும், ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிஸ்டல் பிடிக்கும்போது உடல் பக்கவாட்டில் நிற்கிறது, பார்வை லென்ஸின் ஓரம் வழியாகப் போகிறது. புரோன் நிலையில் படுத்துச் சுடும் ரைஃபிள்காரருக்கு அது மேல் மூலைக்கே போய்விடும். லென்ஸின் மையத்தை விட்டு விலக விலக பிம்பம் கோணலாகும். புரோகிரசிவ் கண்ணாடியில் இது இன்னும் மோசம். ஷூட்டிங் ஃப்ரேமில் லென்ஸைப் பார்வைக் கோட்டுக்கு நேராகத் திருப்பி வைக்க முடியும். அதற்குத்தான் அது.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து எப்போது ரேஞ்சுக்குப் போகலாம்? (வேலூர்)

ஃபேக்கோ முறையில் (அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது) கீறல் 2 முதல் 3 மி.மீ.க்குள்தான். காயம் ஆறிவிட்டது என்று உங்கள் டாக்டர் பார்த்துச் சொன்னால் ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிளை இரண்டு வாரத்தில் எடுக்கலாம். உதை அநேகமாக இல்லை. டிராப்பில் சுடும் 12 போர் ஷாட்கன்னின் உதை வேறு கதை, நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். ஷூட்டிங் லென்ஸின் பவரையும் அப்போதுதான் இறுதி செய்ய வேண்டும், அதற்கு முன் வாங்கினால் வீண்செலவு.

சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ சைட் மறுபடி மெல்ல மங்கினால் பயப்பட வேண்டாம். லென்ஸைத் தாங்கும் பின்சவ்வு படலம் கட்டியிருக்கலாம். யாக் லேசரில் சில நிமிடங்களில் அதைத் திறந்துவிடுவார்கள். பரிசோதனைக்குக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள், பார்வை பழையபடி ஆக பல மணி நேரம் ஆகும். ஆகவே போட்டி இருக்கும் வாரத்தில் அந்த அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்.